பர்பி இறுகவில்லை, அதிரசம் பிரிகிறது: தென்னாப்பிரிக்க அடுப்பில் தீபாவளிப் பலகாரம் (கேள்வி–பதில்)

ஊரிலிருந்து வந்த குறிப்பை அப்படியே பின்பற்றியும் பலகாரம் கெட்டுப்போகிறது என்று டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பலர் கேட்கிறார்கள். குறிப்பில் தவறு இருக்காது. இங்கே கிடைக்கும் அரிசி வேறு, மாவு வேறு, அடுப்பு வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் தண்ணீர் கொதிக்கும் சூடே வேறு. பத்துப் பலகாரம் கெட்டால் அதில் ஏழெட்டு பாகில்தான் கெட்டிருக்கும். அதனால் பாகிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி என்பதெல்லாம் தெர்மாமீட்டரில் எத்தனை டிகிரி?

டர்பன் கடலோரம். அங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அந்தக் கணக்கில் ஒற்றைக் கம்பி ஏறத்தாழ 104 முதல் 106 டிகிரி, இரட்டைக் கம்பி 110 முதல் 112, தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற மென்மையான உருட்டுப் பதம் 113 முதல் 116.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே சொன்ன எண் ஒவ்வொன்றிலும் 6 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். டர்பன் பெரியம்மா தந்த "112 டிகிரி" குறிப்பை ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் அப்படியே செய்தால், 112 வருவதற்குள் பாகு உருட்டுப் பதத்தையும் தாண்டியிருக்கும். பர்பி செங்கல்லாக வருவது அதனால்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வித்தியாசம் 2 டிகிரிதான்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு வழி உண்டு. முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 5 டிகிரி என்றால் ஒற்றைக் கம்பி, 11 என்றால் இரட்டைக் கம்பி. தெர்மாமீட்டரே ஒன்றிரண்டு டிகிரி தப்பாகக் காட்டினாலும் இந்தக் கணக்கு அதைச் சரிக்கட்டிவிடும்.

தெர்மாமீட்டர் இல்லை. விரலில் எப்படிப் பார்ப்பது?

விரல்தான் மலைக்கும் கடலுக்கும் பொது. கம்பி இழுபடுவது பாகில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பொறுத்தது, தெர்மாமீட்டர் எண்ணைப் பொறுத்தது அல்ல.

கரண்டியைப் பாகில் முக்கி வெளியே எடுங்கள். ஐந்தாறு நொடி ஆறட்டும். கரண்டி முதுகில் ஆள்காட்டி விரலால் ஒரு துளி தொட்டுக் கட்டைவிரலில் ஒட்டி மெதுவாகப் பிரியுங்கள். நூல் வராமல் பிசுக்கென்று ஒட்டினால் அது பாகிலேயே ஊறும் ஊர்க் குலாப் ஜாமூனுக்கான பிசுக்குப் பதம். ஒரு சென்டிமீட்டர் நூல் வந்து அறுந்தால் ஒற்றைக் கம்பி. விரலை நன்றாகப் பிரித்த பிறகும் இரண்டு நூல் அறுபடாமல் நின்றால் இரட்டைக் கம்பி. சூடான துளியில் சோதித்தால் நூலே வராது. "இன்னும் வரவில்லை" என்று மேலும் காய்ச்சி முற்றவைத்துவிடுவீர்கள். சோதிக்கும் நேரத்தில் சட்டி அடுப்பில் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் மின்சார அடுப்பு. பதம் சரியாகப் பார்த்து அணைத்தும் பாகு முற்றிவிடுகிறதே?

இரும்புத் தட்டு அடுப்பு அணைத்த பிறகும் பல நிமிடம் சூடாகவே இருக்கும். அணைத்தால் போதாது, சட்டியைத் தட்டிலிருந்து தூக்கி ஈரத்துணிமேல் வைக்க வேண்டும். கனமான சட்டி என்றால் பதத்துக்கு 2 டிகிரி முன்பே இறக்குங்கள்.

மின்வெட்டு இருக்கும் நாள் என்றால் அதன் நேர அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுப்பதத்தில் நின்றுபோன பாகைக் கலக்காமல் மூடி வைத்தால், மின்சாரம் வந்ததும் கால் கப் தண்ணீர் விட்டு மறுபடி கரைத்துக் காய்ச்சலாம். மாவைக் கொட்டிய பிறகு நின்றால்தான் சிக்கல். மைசூர்பாகு செய்கிற அன்று ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது.

டர்பன் பால்பவுடர் பர்பிக்கு அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

ஊரில் கோவா போட்டுச் செய்வதை இங்கே கிளிம் பால்பவுடரும் டின் கிரீமும் போட்டுச் செய்வது வழக்கமாகிவிட்டது. (ஆங்கிலத்தில் மில்க் என்பதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் கிளிம்.) கோவாவுக்கு இது ஏழை மாற்று என்று நினைக்க வேண்டாம். நன்றாக வந்தால் கோவா பர்பியைவிட மிருதுவாக இருக்கும், அதிக நாளும் நிற்கும்.

முழுக்கொழுப்புப் பால்பவுடர் 500 கிராம், டெசர்ட் கிரீம் 290 கிராம் டின் ஒன்று, சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 250 மி.லி., நெய் 125 கிராம், சலித்த ஐசிங் சர்க்கரை 100 கிராம், ஏலக்காய்ப்பொடி 2 தேக்கரண்டி.

முந்தின இரவே பால்பவுடரில் கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விரல் நுனியால் பிசறுங்கள். பிசைந்து உருண்டையாக்கக் கூடாது. புட்டு மாவு போல் உதிரியாக இருக்க வேண்டும். மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் அது கட்டிகட்டியாக இருக்கும். மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று விட்டுப் பொடித்து ரவை பதத்துக்குச் சலித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தவிர்த்தவர்கள் பர்பியில்தான் வாயில் பால்பவுடர் கட்டி அகப்படும்.

சர்க்கரையும் தண்ணீரும் அடி கனத்த சட்டியில் போட்டு, முழுதும் கரைந்த பிறகே கொதிக்க விடுங்கள். இரட்டைக் கம்பி வந்ததும் தணலைக் குறைத்துப் பொடித்த கலவையைக் கொட்டி விடாமல் கிளறுங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் கலவை சட்டி ஓரத்தை விட்டுச் சேர்ந்து வரும். இறக்கி, உருகிய நெய்யை மூன்று தடவையாக விட்டுக் கிளறுங்கள். ஏலக்காயும் ஐசிங் சர்க்கரையும் கடைசியில். ஐசிங் சர்க்கரை இனிப்புக்காக அல்ல. அதன் நுண்ணிய துகள்களைப் பற்றிக்கொண்டு பாகு பொடிப்பொடியாகப் படிகமாகும். துண்டு வெட்டும்போது கரகரப்பில்லாமல் வழுவழுவென்று வரும்.

நெய் தடவிய தட்டில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டித் தட்டை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள். சாயமிட்ட பாதாம் சீவலை மேலே தூவிக் கிண்ணத்தின் அடியால் லேசாக அழுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அதே கோட்டில் வெட்டுங்கள்.

பர்பி இறுகவில்லை / எண்ணெயாக வடிகிறது / மணல்போல் கரகரக்கிறது. எதைத் திருத்தலாம்?

இறுகாத பர்பியில் பாகு இளம்பதம். முழுவதையும் சட்டியில் போட்டுக் குறைந்த தணலில் மறுபடி கிளறுங்கள், சுருண்டு வரும். சலித்த பால்பவுடரைக் கூடுதலாகத் தூவி இறுக்கப் பார்ப்பது வழக்கம்தான், ஆனால் வாயில் மாவு வாடை நிற்கும்.

எண்ணெய் பிரிந்தால் கலவை அதிகம் சூடாகியிருக்கிறது, அல்லது நெய்யை ஒரே தடவையில் ஊற்றியிருக்கிறீர்கள். இரண்டு மேசைக்கரண்டி சூடான பால் விட்டு அடுப்புக்கு வெளியே வேகமாகக் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

கரகரப்புக்குக் காரணம் சட்டி ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை. அது ஒரு பரல் விழுந்தாலே முழுப் பாகும் பெரும்பரலாகப் பூத்துவிடும். கொதி வந்ததும் ஈரத் தூரிகையால் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். கொதிக்கும் பாகைக் கரண்டியால் கலக்காதீர்கள். ஒருமுறை கரகரத்த பர்பியைத் திருத்த முடியாது. பாலில் கரைத்துப் பாயசமாக்கலாம்.

எந்தப் பால்பவுடரானாலும் சரிதானா?

முழுக்கொழுப்பு என்று எழுதியிருந்தால் சரி. கொழுப்பு நீக்கியது ரப்பராக இழுக்கும். காபிக்குக் கலக்கும் க்ரீமர் பாலே அல்ல.

வெல்லத்துக்குப் பதில் இங்கே கிடைக்கும் பிரவுன் சர்க்கரை போடலாமா?

பாயசத்தில், சர்க்கரைப் பொங்கலில் போடலாம். நிறம் வரும், மணம் பாதிதான் வரும். அதிரசத்தில் போட்டால் கெடும். வெல்லத்தில் படிகமாகாத சர்க்கரையும் ஈரமும் இருப்பதால்தான் அதிரசம் நாட்கணக்கில் மெத்தென்று நிற்கிறது. பிரவுன் சர்க்கரை ஆறியதும் படிகமாகி அதிரசத்தை ஓடாக்கும். டர்பன் இருக்கும் நேட்டால் முழுக்கக் கரும்பு விளைந்தும் வெல்லத்துக்கு இந்தியக் கடைக்குப் போக வேண்டியிருப்பது வேடிக்கைதான். டர்பனில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கமும் சாட்ஸ்வொர்த்திலும், ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க்கிலும் மசாலாக் கடைகளில் கேளுங்கள். சில கடைகளில் "கோர்" என்று குஜராத்திப் பெயர் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதைவிட அரக்கு நிறத்தது நல்லது.

அதிரசத்துக்கு எந்த அரிசி? டேஸ்டிக் போட்டால் ஏன் சரிவரவில்லை?

இங்கே டேஸ்டிக் என்ற பெயரில் விற்பது புழுங்கல் அரிசி. புழுக்கும்போதே மாவுச்சத்து வெந்துவிட்டது. ஊறவைத்து அரைத்தாலும் பாகோடு பிணையாது. பொட்டலத்தின் மேல் புழுங்கல் என்ற பொருளில் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள். இந்தியக் கடையில் கிடைக்கும் பொன்னி அல்லது சோனா மசூரிப் பச்சரிசி சிறந்தது. புழுக்காத பாஸ்மதியிலும் வரும், சற்று வறட்சியாக இருக்கும். கடையில் விற்கும் உலர்ந்த அரிசிமாவு வேண்டவே வேண்டாம். அதிரசத்துக்கு வேண்டியது ஈரமாவு.

பச்சரிசி 500 கிராமைக் கழுவி 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கை விரித்ததும் அரிசி உதிர வேண்டும், ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும். அதுதான் அரைக்கும் நேரம். டர்பனில் மழை நாளில் இது ஒரு மணி நேரமும் ஆகலாம். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் இருபது நிமிடத்திலேயே ஆகிவிடும், அங்கே கண் வைத்திருங்கள். அரைத்துச் சலித்த மாவை ஈரம் போகாமல் மூடி வையுங்கள்.

வெல்லம் 400 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் வைத்துத் துளி விட்டால், கரையாமல் விரலுக்குக் கூடிவர வேண்டும். உருட்டினால் மெத்தென்ற உருண்டையாகி, வெளியே எடுத்ததும் தானே சற்றுப் படிய வேண்டும். தட்டில் எறிந்தால் "டங்" என்று ஒலித்தால் முற்றிவிட்டது, அது முறுகிய பாகு. இறக்கி, ஏலக்காயும் சுக்குத்தூளும் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளறுங்கள். மாவு முழுதும் கொட்டியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழுகிற இளக்கத்தில் நிறுத்திவிடுங்கள். ஓர் இரவில் அது தானே இறுகும். மேலே நெய் தடவி மூடி ஒரு நாள் வெளியே வைத்து, அதன்பின் குளிர்பெட்டிக்கு மாற்றலாம். அக்டோபர், நவம்பர் மாத டர்பன் புழுக்கத்தில் மூன்று நாள் வெளியே வைத்தால் புளித்துவிடும்.

அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகிறது. சில சமயம் கல்லாகிறது.

முதல் அதிரசம் ஒன்றைத் தட்டிப் போட்டுப் பார்க்காமல் மொத்தத்தையும் தட்டி அடுக்காதீர்கள். பிரிந்தால் பாகு இளசு அல்லது மாவு குறைவு. இரண்டு மூன்று கரண்டி ஈரமாவு சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் விடுங்கள். கல்லானால் பாகு முற்றல் அல்லது மாவு வறட்சி. வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி தெளித்து, அல்லது நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதி மசித்துச் சேர்த்து அடித்துப் பிசையுங்கள்.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். ஒவ்வொன்றாகச் சுட்டு, எடுத்ததும் இரண்டு ஜல்லிக்கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்துவிடுங்கள். சூடாக இருக்கையில் பிழியாவிட்டால் பிறகு எண்ணெய் இறங்காது.

இங்கே குலாப் ஜாமூன் ஏன் விரல் நீளத்தில், உலர்ந்து வெள்ளையாக இருக்கிறது?

இந்த ஊர் ஜாமூன் தனி இனம். உருண்டையைக் கிண்ணத்தில் பாகோடு பரிமாறுவது இந்திய வழக்கம். இங்கே தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பதால் பாகு ஒழுகாத ஜாமூன் வசதியாக இருக்கிறது. அதற்குக் கோவா வேண்டாம், கண்டென்ஸ்ட் மில்க்கே போதும்.

கண்டென்ஸ்ட் மில்க் 385 கிராம் டின் ஒன்று, நெய் 2 மேசைக்கரண்டி, பொடி ரவை 2 மேசைக்கரண்டி, பால் 60 மி.லி., செல்ஃப்-ரெய்சிங் மாவு சுமார் 300 கிராம். மாவைத் தவிர மற்றதைக் கலந்து பத்து நிமிடம் ரவை ஊறட்டும். பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையில் லேசாக ஒட்டுகிற மென்மையில் நிறுத்தி, சப்பாத்திக்குப் பிசைவது போல் அழுத்திப் பிசையாமல் கூட்டிச் சேருங்கள். அழுத்திப் பிசைந்தால் ரொட்டி மாதிரி இழுவையாகும். சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டுங்கள், பொரிகையில் ஒன்றரை மடங்கு உப்பும்.

எண்ணெய் 145 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மாவுத் துணுக்கைப் போட்டால் அடியில் போய் ஐந்தாறு நொடி தங்கி மெதுவாக மேலே வர வேண்டும். கண்டென்ஸ்ட் மில்க் சீக்கிரம் சிவக்கும். அவசரப்பட்டால் வெளியே கருத்து உள்ளே பச்சையாக இருக்கும். ஜோகன்னஸ்பர்க்காரர்கள் மாவில் கால் பங்கைச் சாதாரணக் கேக் மாவாக மாற்றிக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் அதே பேக்கிங் பவுடர் கூடுதலாக உப்பி ஜாமூனை வெடிக்கவைக்கும்.

பாகு: சர்க்கரை 2 கப், தண்ணீர் 1 கப், ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடைப்பட்ட கம்பி. பொரித்த ஜாமூனைச் சூடான பாகில் ஒரு நிமிடம் புரட்டிக் கம்பி வலையில் வடியவிட்டால் ஆறும்போது வெள்ளையாகப் பூக்கும். பாகில் எலுமிச்சை பிழியும் பழக்கம் இருந்தால் இதற்கு மட்டும் வேண்டாம். எலுமிச்சை படிகத்தைத் தடுக்கும், பூச்சு வராது.

கடையில் போளி கேட்டேன். சோமாசியைக் கொடுத்தார்களே?

இங்கே போளி என்றால் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பிறைவடிவில் பொரித்த பலகாரம்தான். கடலைப்பருப்புப் பூரணம் வைத்துத் தோசைக்கல்லில் தட்டும் ஊர்ப் போளி வேண்டுமானால் விளக்கிச் சொல்லிக் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளராக வந்து 1860 நவம்பர் 16-ல் டர்பனில் இறங்கியவர்கள் தொடங்கி, தமிழர், போஜ்பூரி பேசுவோர், பின்னால் குஜராத்திகள் என எல்லோரும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் சமைத்திருக்கிறார்கள். பெயர்கள் இடம் மாறியதில் வியப்பில்லை.

பொரிக்கும்போது வாய் பிளந்தால் பூரணம் ஈரமாக இருந்து ஆவி முட்டியிருக்கிறது. தேங்காயையும் சர்க்கரையையும் ஈரம் வற்றக் கிளறி முற்றிலும் ஆறவைத்து வையுங்கள். உலர்தேங்காய்த் துருவல் என்றால் நேர்மாறு: இரண்டு கரண்டி சூடான பால் தெளித்து ஊறவிடாவிட்டால் தொண்டையை அடைக்கும்.

சூஜி (ரவை இனிப்பு) கட்டிதட்டுகிறது.

ரவை 1 கப், தண்ணீரோ பாலும் தண்ணீருமோ இரண்டரை கப், சர்க்கரை 1 கப், நெய் மூன்றில் ஒரு கப். நெய்யில் ரவையை நிறம் மாறாமல் மணம் வரும்வரை வறுத்துத் தளதளவென்று கொதிக்கும் நீரை விடுங்கள். ரவை முழுதும் வெந்த பிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ரவை அதற்குமேல் வேகாது.

மைசூர்பாகில் கூடு (உள்ளே தேன்கூடு போன்ற துளைகள்) விழவில்லை.

மைசூர் அரண்மனைச் சமையலறையில் பிறந்த பலகாரம் இது. நெய்யில் கஞ்சத்தனம் ஒத்துவராது. கடலைமாவு 100 கிராம், சர்க்கரை 200, நெய் 250. ஒற்றைக் கம்பிப் பாகில் சலித்த மாவைத் தூவிக் கிளறி, பக்கத்து அடுப்பில் புகையாத அளவு சூட்டில் இருக்கும் நெய்யைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். ஒவ்வொரு கரண்டியும் "சொய்ங்" என்று நுரைக்க வேண்டும். அந்தச் சூட்டில் எழும் ஆவிதான் கூடு. ஆறின நெய் விட்டால் மிருதுவான வழுவழு மைசூர்பாகு வரும், கூடு வராது. நெய் கக்கத் தொடங்கிய நொடியில் தட்டில் கொட்டுங்கள். கொட்டியபின் கரண்டியால் அழுத்திச் சமன் செய்தால் விழுந்த கூடும் அமுங்கிவிடும்.

நெய் வாங்காமல் வெண்ணெயிலேயே செய்துகொள்ளலாமா?

உப்பில்லாத வெண்ணெய் 500 கிராம் உருக்கினால் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நெய் கிடைக்கும். மார்கரினை நெய்க்கு ஈடாகப் போடாதீர்கள். பர்பி இறுகும், ஆனால் அண்ணத்தில் மெழுகுபோல் படியும்.

புரட்டாசி விரதத்தில் கடைப் பலகாரம் வாங்கிச் சாப்பிடலாமா?

முட்டை, ஜெலட்டின் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே தூவும் வண்ணப் பொடிகளின் பொட்டலத்தையும் படியுங்கள்.

எத்தனை நாள் முன்னால் செய்து வைக்கலாம்? வெளியூருக்கு அனுப்ப எது தாங்கும்?

பால்பவுடர் பர்பி குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் 10 நாள். அதிரசம் ஒரு வாரம். ஜாமூன் ஐந்தாறு நாள். மைசூர்பாகு இரண்டு வாரம். புதுத் தேங்காய் வைத்த போளி இரண்டே நாள், அதை அனுப்பவே வேண்டாம். பர்பியைச் சூடாக டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, சொட்டி, மூன்றாம் நாள் பூசணம் பூக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் காரில் கொண்டுபோகையில் பெட்டி பின்பெட்டியில் வெயிலில் வேகாமல் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர், கனமான மைசூர்பாகு அடியில், பர்பி நடுவில், ஜாமூன் மேலே.